பில்ட் இயந்திரம் படுத்துவிட்டால்

திறமூல மென்பொருளில் ஒவ்வொரு மாற்றம் சேரும்போதும் பில்ட் இயந்திரம் அதைத் தொகுத்துச் சோதிக்கும். சிவப்புக் குறி விழுந்தால் லாகில் முதல் பிழை வரியைத் தேட வேண்டும். கடைசி வரி பெரும்பாலும் அதன் விளைவுதான். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றிருந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது, நிரலைக் குடைய வேண்டாம். பழைய டாக்கர் இமேஜ்களை நீக்கிப் பார்க்கலாம். அதே கமிட் வேறு இயந்திரத்தில் தேறினால், கோளாறான இயந்திரத்தை ஜென்கின்ஸில் தற்காலிகமாக ஆஃப்லைன் ஆக்கி, காரணத்தையும் எழுதிவைப்பது நல்லது. காரணம் பார்க்காமல் மறுபடி மறுபடி ஓடவிடுவது வெறும் சோம்பல்.

சமயபுரத்தில் வீட்டுக் கணினியையே பில்ட் இயந்திரமாக, அதாவது ரன்னராக, வைப்பவருக்குச் சித்திரை வெயிலும் மின்தடையும் தனித் தலைவலி. யூபிஎஸ் வேண்டும்; கணினியின் ஃபேனில் தூசி சேரக் கூடாது. ஆனால் பொதுக் களஞ்சியத்துக்குச் சொந்த ரன்னரைக் கிட்ஹப்பே பரிந்துரைப்பதில்லை: முகம் தெரியாதவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் அந்தக் கணினியில் தீய நிரலை இயக்கிவிடலாம்.