குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்: மலையோர எல்லைப்பகுதிகளின் நிலை

பார்வையிழப்பைத் தடுக்கும் பணிகளுள் நாட்கணக்கில் கெடு உடையவை மிகச் சிலவே. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் அவற்றுள் ஒன்றாகும். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் பேறுகாலம் நெருங்கும்போதுதான் விளிம்புவரை வளர்ந்து முடிகின்றன. முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு இவ்வளர்ச்சி தடைப்பட்டு, பின்னர் முறைகேடான குழாய்கள் கிளைத்து, விழித்திரையையே பெயர்த்துவிடக்கூடும். அமெரிக்க மருத்துவர் டெரி 1942இல் இந்நோயை விவரித்தார். மிகுதியான பிராணவாயு இதற்கு ஒரு காரணம் என்பது 1950களில் தெளிவாயிற்று. உயிரைக் காக்கும் சிகிச்சையே கண்ணுக்கு ஊறாகலாம் என்பதே இதன் சிக்கல்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாக 1,500 கிராமுக்கு உட்பட்ட குழந்தைகளையே பரிசோதிக்கின்றனர். இந்தியாவில் அதனினும் எடை கூடிய குழந்தைகளுக்கும் நோய் முற்றுவதால், 2,000 கிராமுக்குக் குறைந்த எடை அல்லது 34 வாரத்திற்கு முந்திய பிறப்பு என்பது அளவுகோலாக உள்ளது. முதல் பரிசோதனை பிறந்த 30 நாட்களுக்குள் நடைபெற வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே. சிகிச்சை தேவைப்படும் நிலை கண்டால் 48 முதல் 72 மணி நேரத்திற்குள் லேசர் சிகிச்சை அளித்தாக வேண்டும்.

கெடு தவறியதன் விலையை நீதிமன்றம் ஒருமுறை கணக்கிட்டது. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தை, கண் பரிசோதனைக்கு அறிவுறுத்தப்படாமலே வீடு திரும்பிப் பார்வையிழந்தது. 2015இல் உச்சநீதிமன்றம் வழங்கிய இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய். பரிசோதனைக்கு வேண்டியதோ சில நிமிடங்களும் பயிற்சி பெற்ற ஒருவருமே.

கேரளத்தின் சிசு மரண விகிதம் 2023இல் ஆயிரத்துக்கு 5; நாட்டின் சராசரி 25. ஆனால் மாநிலச் சராசரியைக் கொண்டு பாலக்காட்டின் அட்டப்பாடியையோ இடுக்கியின் தேவிகுளத்தையோ மதிப்பிடுதல் பொருந்தாது. இருளர், முடுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடியில் 2013இல் நேர்ந்த சிசு மரணங்கள் நாடறிந்தவை. எடைக்குறைவான பிறப்பு அங்குப் பெருங்குறையாகப் பேசப்பட்டது. அகளியிலிருந்து மேற்கே மண்ணார்க்காட்டிற்கு மலைப்பாதை. கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர். மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்கும், குமுளியிலிருந்து தேனிக்கும் இறங்குவோர் பலர். தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கமும் உண்டு.

இங்குதான் இடைவெளி தோன்றுகிறது. கர்ப்பிணியின் பதிவு ஒரு மாநிலத்தில், பிரசவம் மற்றொன்றில். எடை கூடியதும் குழந்தை வீடு திரும்பலாம். கெடு அதன்பின் வரலாம். அப்போது அக்குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டியவர் யார் என்பது எந்த ஏட்டிலும் தெளிவாக இராது. தோற்றத்தில் கண் இயல்பாகவே இருப்பதால் பெற்றோர்க்கும் ஐயம் எழுவதில்லை.

மருத்துவரை மலையேற்றுவது ஒன்றே வழியன்று. கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற பணியாளர்கள் எடுத்துச் செல்லத்தக்க கண் படக்கருவியுடன் மாவட்ட மருத்துவமனைகளுக்குச் சென்று, எடுத்த படங்களைப் பெங்களூருக்கு அனுப்பி வருகின்றனர். மேலும், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் காண வேண்டுமென்பது ஏற்கெனவே உள்ள விதி. 21ஆம் நாள் வருகையில் பிறப்பு எடையைப் பார்த்து, கண் பரிசோதனை முடிந்ததா எனக் கேட்டறிந்தால் இன்னும் ஒன்பது நாட்கள் கையில் இருக்கும். அதற்கு விடுவிப்புச் சீட்டில் பரிசோதனை நாளும் இடமும் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் படி ஒன்று எல்லைக்கு அப்பாலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் அனுப்பப்பட வேண்டும்.