வண்ணம் தீட்டுவதில் ஒரு வடிவ கணிதம்

சதுரம் ஒன்றை வரைவோம். அதன் நான்கு முனைகளுக்கும் நிறம் தீட்டுவோம். கோட்டால் இணைந்த இரு முனைகள் ஒரே நிறம் பெறலாகாது. 2 நிறங்கள் இருப்பின் 2 வழிகள் உண்டு. 3 நிறங்கள் இருப்பின் 18 வழிகள் உண்டு. நிறங்களின் எண்ணிக்கையை 'ந' எனக் கொண்டால், வழிகளின் எண்ணிக்கை:

ந⁴ − 4ந³ + 6ந² − 3ந

குறிகளை விடுத்துக் கெழுக்களை மட்டும் நோக்குவோம்: 1, 4, 6, 3. மலையைப் போல் ஏறி இறங்குகின்றன அல்லவா? எந்தப் படத்திலும் இக்கெழுக்கள் இறங்கத் தொடங்கியபின் மீண்டும் ஏறமாட்டா என்று 1968-இல் ரொனால்ட் ரீட் என்னும் கணித அறிஞர் ஊகித்தார். ஆயிரம் படங்களைச் சோதித்தாலும் அது நிறுவல் ஆகாது. எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் காரணம் வேண்டும்.

அக்காரணத்தைக் கண்டவர் தென் கொரியாவில் வளர்ந்த ஜூன் ஹு. கவிஞராகும் ஆசையால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர் அவர். பின்னர் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியப் பேராசிரியர் ஹிரோனாக்காவின் வகுப்புகளில் இயற்கணித வடிவியலைக் கற்றார். சமன்பாடுகளால் அமையும் வடிவங்களையும் அவற்றின் கூர்முனைகளையும் ஆராயும் துறை அது. அந்த அறிவைக் கொண்டே, வெறும் எண்ணிக்கைக் கணக்காகத் தோன்றிய ரீடின் ஊகத்தை மெய்ப்பித்தார். ஆய்வு மாணவராக அவர் எழுதிய கட்டுரை 2012-இல் வெளிவந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவருக்கு 2022-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இயற்கணிதம் வேறு, வடிவ கணிதம் வேறு என்று நாம் தனித்தனி நோட்டுகளில் எழுதுகிறோம். கணிதத்திற்கோ அத்தகைய சுவர்கள் இல்லை.

நாமும் முயல்வோம். சதுரத்தில் ஒரு மூலைவிட்டம் வரைவோம். அதன் இரு முனைகளுக்கு ந(ந − 1) வழிகள். எஞ்சிய முனை ஒவ்வொன்றுக்கும் (ந − 2) வழிகள். அனைத்தையும் பெருக்கிக் கெழுக்களை வரிசையாக எழுதினால், அங்கும் ஒரு மலை தெரிகிறதா எனக் காணலாம்.