இடித்தவர் நிற்காவிட்டால்

வண்டியூரில் என் மாணவர்கள் சிலர் சுற்றுச்சாலையைக் கடந்து சைக்கிளில் வருகிறார்கள். ஓரமாகப் போகச் சொல்வதோடு, இடித்த ஓட்டுநரின் கடமையையும் குடிமையியல் வகுப்பில் கற்பிக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி அவர் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். "கூட்டம் அடிக்குமே, சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் உதவாத காரணத்தையும் சேர்த்து 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? பெற்றோர் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இறப்புக்கு 2 லட்சமும் இழப்பீடு தருகிறது. மனுவுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் தேவை. ஆகவே பயிற்சியாக, நேரம், இடம், வண்டியின் நிறம் குறித்துப் புகார் எழுதச் சொல்கிறேன்.