வலியின் வாயிலை மட்டும் அடைக்க முடியுமா?

பல் பிடுங்கச் சென்றவர்கள் லிக்னோகெயின் ஊசியை அறிவார்கள். ஈறு மரத்துப் போகும். உதடும் கன்னமும் கூட நம்முடையவை அல்லாதன போல் தோன்றும். அந்த ஊசி செய்வது என்ன?

நரம்பிழையின் சவ்வில் மிக நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. சாப்பாட்டு உப்பிலுள்ள அதே சோடியம், அயனிகளாக நரம்புக்கு வெளியே மிகுந்திருக்கிறது. வாயில் திறந்ததும் அது உள்ளே பாய்கிறது. உடனே பக்கத்து வாயிலும் திறக்கிறது. இப்படியே காலில் தைத்த முள்ளின் செய்தி மின்துடிப்பாக மூளையை நோக்கி ஓடுகிறது. லிக்னோகெயின் இவ்வாயில்களை அடைத்து விடுகிறது.

அப்படியானால் அதையே உடல் முழுவதற்கும் கொடுத்து எல்லா வலியையும் போக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து! இவ்வாயில்களில் ஒன்பது வகை உண்டு, 1.1 முதல் 1.9 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். 1.4 தசையிலும் 1.5 இதயத்திலும் இருப்பவை. லிக்னோகெயின் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இரத்தத்தில் அளவு மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் கெடும். மார்ஃபீன் வேறு வழியில் வலியைத் தணிக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சை அடக்கும், பழகினால் அடிமையாக்கும்.

வலிக்கென்றே உள்ள வாயில் எது? ஒரு விடை வட பாகிஸ்தானிலிருந்து 2006இல் கிடைத்தது. அங்கே ஒரு சிறுவன் தெருவில் கையில் கத்தியைச் செருகியும், எரியும் தணல் மேல் நடந்தும் வித்தை காட்டி வந்தான். அவனுக்கு வலியே தெரியாது. ஏறத்தாழ பதினான்கு வயதில் கூரையிலிருந்து குதித்து இறந்து போனான்; எங்களைவிடச் சிறியவன். அவனுடைய உறவுக் குடும்பங்களில் ஆறு பிள்ளைகளை விஞ்ஞானிகள் சோதித்தனர். தொடுகையும் சூடும் குளிரும் அவர்களுக்குத் தெரிந்தன. வலி மட்டும் இல்லை. நாக்கையும் உதட்டையும் கடித்துப் புண்ணாக்கியிருந்தார்கள். 1.7 வாயிலை உண்டாக்கும் மரபணு அவர்களிடம் பழுதாகியிருந்தது. வலி எவ்வளவு பெரிய காவல்காரன் என்பதும் அப்பிள்ளைகளைப் பார்த்தால் விளங்கும்.

1.7ஐ அடைக்கப் பல மருந்துகள் செய்து பார்த்தனர். எதிர்பார்த்த பலன் வரவில்லை. பிறகு வலி நரம்புகளில் உள்ள 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரையை வெர்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. வயிற்றிலும் கால் பெருவிரல் எலும்பிலும் அறுவை செய்துகொண்டவர்களிடம் அதைச் சோதித்திருந்தார்கள். மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட அது வலியை நன்கு குறைத்தது. ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் கலந்த பழைய மாத்திரையை மிஞ்சவில்லை. ஆயினும் மூளையில் வேலை செய்யாததால் அடிமைப்படுத்தாது என்று எதிர்பார்க்கிறார்கள். அன்று கிடைத்த அனுமதி பெரியவர்களின் திடீர் வலிக்கு மட்டுமே. ஆண்டுக்கணக்காக நீடிக்கும் வலிக்கு அல்ல.