சுருங்குறித்தொடரும் இருப்புப்பாதைப் படமும்

கணிப்பொறியில் ஏறிய நூல்களுள், ஒரு வடிவத்தனவாகிய சொற்களையெல்லாம் தேடிக் கொணரும் சூத்திரத்தைச் சுருங்குறித்தொடர் என்பர். இதன் இலக்கணத்தை ஸ்டீபன் கிளேனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1951-ல் வகுத்தார். கணிப்பொறித் தேடலுக்கு இதனைப் பயன்படுத்தும் வழியைக் கென் தாம்ஸன் 1968-ல் வெளியிட்டார்.

சூத்திரம் சுருங்கச் சுருங்க மயக்கமும் பெருகும். நம் கடற்கரை ஊர்களாகிய தேவிபட்டினத்தையும் பெரியபட்டினத்தையும் ஒருசேரத் தேட விழையும் மாணவன், ‘தேவி|பெரியபட்டினம்’ என்றெழுதுவான். இடையிலுள்ள கோடு ‘அல்லது’ எனப் பொருள்படும். பொறியோ, ‘தேவி’ என்பதைத் தனியே கொண்டு, இராமேசுவரத் தலவரலாற்றில் வரும் சீதாதேவியையும் வலையில் அள்ளிவரும். பிழையென ஒரு சொல்லும் சொல்லாது. அவ்வெண்ணிக்கையை நம்பி எழுதிய ஆராய்ச்சி என்னாம்?

இம்மயக்கந் தீர்ப்பது ரெகெக்ஸ்பர் என்னும் மென்பொருள். அது தொடரைப் பகுத்து, இருப்புப்பாதைபோல் வரைந்து காட்டும். மேற்கண்ட தொடருக்குத் ‘தேவி’ ஒரு பாதை, ‘பெரியபட்டினம்’ மற்றொரு பாதை. ‘(தேவி|பெரிய)பட்டினம்’ எனப் பிறையடைப்பு இட்டாலோ, இரு கிளைகளும் மீண்டும் கூடி, அதன்பின் ‘பட்டினம்’ புகுதல் காணலாம். (பாம்பனிற் பிரிந்த இராமேசுவர, தனுஷ்கோடிப் பாதைகள் அங்ஙனம் கூடியதில்லை, பின்னதை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று.)

எனினும் தமிழ் மாணவர் படத்தை முற்றும் நம்பற்க. சுருங்குறித்தொடரில் ஒரு புள்ளி, யாதாயினும் ஓர் எழுத்தைக் குறிக்கும். தொண்டி நமக்கு மூன்றெழுத்துச் சொல். யூனிகோடு முறையிலோ த, ொ, ண, ், ட, ி என ஆறு குறியீடுகள். ஆதலின் மூன்று புள்ளியிட்டு அவ்வூரைத் தேடுவோனுக்கு, படம் மூன்று பெட்டிகளை ஒழுங்குறக் காட்டியும், கையிற் கிட்டுவது ‘தொண’ என்னுந் துண்டமே.