எழுத்துப் பிழை நீங்க எளிய வழிகள்
(முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்க்கான செய்முறைப் பயிற்சிகள்)

ஏழு வயதில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் குழந்தை, தமிழ் பேசத் தெரிந்தே பள்ளிக்கு வருகின்றது. வீட்டில் கேட்டுப் பழகிய ஒலிகள் அதற்குப் புதியன அல்ல, வரிவடிவங்களே புதியன. அறிந்த ஒலிக்கும் அறியாத வடிவத்திற்கும் உள்ள உறவைக் கண்டுகொண்ட குழந்தை விரைவில் வாசிக்கும். கண்டுகொள்ளாத குழந்தையோ பாடத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கும். அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் விழிக்கும். அக்குறையை முதல் ஈராண்டுகளில் களையாவிட்டால், அது பிற பாடங்களுக்கும் பரவி, பிள்ளையை வகுப்பின் பின் வரிசையில் வாய் திறவாமல் அமர்த்திவிடும்.

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பெற்றோர் பலர் மலைக்கின்றனர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றை அறிந்தால், உயிர்மெய் 216உம் அவற்றின் கூட்டே என்பது விளங்கும். ஆகவே 247 வடிவங்களை உருப்போட வைப்பதைவிட, ஒலிகள் கூடும் முறையை உணர்த்துவதே முதற்பணியாகும்.

இலக்கணம் காட்டும் வழி

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாம் இயல் பிறப்பியல். எந்த எழுத்தை ஒலிக்க நா எங்கே பொருந்துகின்றது, இதழ் எவ்வாறு குவிகின்றது என்பதை அவ்வியல் முறையாக விளக்குகின்றது. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே மாத்திரையின் அளவு என்பதும் அந்நூல் கூறும் செய்தியே. நம் பழம்பெரும் இலக்கணம் எழுத்தை வாயிலிருந்தும் கையிலிருந்தும் விளக்கத் தொடங்குகின்றது என்பதை ஆசிரியர்கள் மனத்தில் கொள்ளல் வேண்டும்.

மணலில் விரலால் எழுதுவதும் நம் முன்னோர் கண்ட முறையே. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றின் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர், 1907இல் உரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி உணரும் முறையைக் கையாண்டார். அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். மணலும் உப்புத்தாளும் உணர்த்தும் உண்மை ஒன்றே: கை அறிந்த வடிவத்தை மனம் எளிதில் மறவாது.

இனி, செலவின்றிச் செய்யத்தக்க ஐந்து பயிற்சிகளைக் காண்போம்.

1. கொட்டை வைத்து ஒலி எண்ணுதல்

இரப்பர்க் கொட்டைகளையோ புளியங்கொட்டைகளையோ சேர்த்துக் கொள்க. குறிலுக்கு ஒரு கொட்டை, நெடிலுக்கு இரண்டு கொட்டை, மெய்யெழுத்துக்கு ஒரு சிறு கல் என வைத்துக்கொள்ளலாம். 'பல்' என்று ஆசிரியர் சொன்னால் மாணவர் ஒரு கொட்டையும் ஒரு கல்லும் வைப்பர். 'பால்' என்றால் இரண்டு கொட்டையும் ஒரு கல்லும் வைப்பர். விடு–வீடு, குடை–கூடை, எடு–ஏடு, கொடு–கோடு எனத் தொடரலாம். இப்பயிற்சியில் எழுதுகோலுக்கு வேலை இல்லை. குறில் நெடில் வேறுபாட்டைச் செவி அறிந்த பின்னரே கை எழுத வேண்டும்.

2. மணல் தட்டில் எழுதுதல்

பிஸ்கட் டின்னின் மூடியில் மெல்லிய மணலைப் பரப்புக. நேர்கோடுகளால் எளிதில் எழுதத்தக்க ட, ப ஆகியவற்றோடு ம என்னும் எழுத்தையும் முதலில் பயிற்றலாம். மாணவர் விரலால் எழுதும்போதே அதன் ஒலியையும் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க: 'பானா, டானா, மானா' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டினால் 'படம்' என்னும் சொல் பிறவாது. ப, ட, ம் என்று ஒலியைச் சொல்லிக் கூட்டினால்தான் பிறக்கும். இம்மூன்றெழுத்தும் அவற்றின் மெய்களும் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். தானே வாசித்த முதற்சொல் குழந்தைக்கு அளிக்கும் ஊக்கம் பெரிது.

3. மாணவரே எழுத்தாய் நிற்றல்

கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் குழந்தைகள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. செவியில் முதலில் விழுவது ககர மெய். கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. இதனை விளக்க மூன்று மாணவரை வகுப்பின்முன் நிறுத்துக. நடுவில் நிற்பவர் கையில் 'க' அட்டை. அவருக்கு இடப்பக்கம் (வகுப்பினர் பார்வையில்) ஒற்றைக் கொம்பு வந்து நின்றால் 'கெ'. வலப்பக்கம் துணைக்காலும் வந்து சேர்ந்தால் 'கொ'. கொம்பு மட்டும் விலகினால் 'கா'. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வகுப்பினர் உரக்க ஒலிக்க வேண்டும். ஒற்றைக் கொம்பிற்குப் பதிலாக இரட்டைக் கொம்பை நிறுத்திக் கே, கோ எழுத்துகளையும் காட்டலாம்.

4. இன எழுத்துத் தோழர்

'வன்டி', 'பன்து', 'கண்று' என்று எழுதும் மாணவர் பலர். இப்பிழைகளுக்கு மருந்து எழுத்தின் பெயரிலேயே உள்ளது. டகரத்தோடு சேர்வது டண்ணகரம். தகரத்தோடு சேர்வது தந்நகரம். றகரத்தோடு சேர்வது றன்னகரம். ட என்று ஒலிக்க நா எங்கே தொடுகின்றதோ அவ்விடத்திலேயே ண் என்பதற்கும் தொடுகின்றது. த, ந் இரண்டிற்கும் மேற்பல்லின் அடியே இடம். பிறப்பிடம் ஒன்றாதலால் அவை தோழர்கள்.

வகுப்பில் ஆறு மாணவர் க, ச, ட, த, ப, ற அட்டைகளையும், வேறு ஆறு மாணவர் ங், ஞ், ண், ந், ம், ன் அட்டைகளையும் ஏந்தித் தத்தம் தோழரைத் தேடிச் சேரட்டும். சேர்ந்த இணை ஒரு சொல் கூற வேண்டும்: சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. மாணவர் தொகை குறைந்த வகுப்பில் ஒருவரே இரண்டு அட்டைகளை ஏந்தலாம். அன்பு, நண்பன் போன்ற சொற்கள் இவ்வமைப்பில் அடங்கா. அவற்றைப் பின்னர்த் தனியே பயிற்றுக.

5. கையே நாவாக

ல, ள, ழ வேறுபாடு நம் பிள்ளைகளின் பேச்சில் மங்கி வருகின்றது. பேச்சில் மங்கியது எழுத்தில் பிழையாகின்றது. இடக்கையைக் கவிழ்த்து அண்ணமாகவும், வலக்கையை அதன் கீழே நாவாகவும் பிடிக்கச் செய்க. இடக்கை விரல் நுனிகள் மேற்பல் வரிசை. வலக்கை விரல்கள் அப்பல்லின் அடியைத் தொட்டால் ல. பின்னோக்கி வளைந்து உள்ளங்கை நடுவைத் தொட்டால் ள. வளைந்தும் தொடாமல் நின்றால் ழ. கை காட்டும் நிலையை நா பின்பற்றட்டும்.

சொற்களைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மரத்தில் வடிவது பால். அதைச் சுமப்பது வாளி. பால்வெட்டைத் தடுப்பது மழை. மூன்று எழுத்துகளும் தோட்டத்திலேயே உள்ளன. ரகர றகரங்களும் அப்படியே: சிலிம் ஆற்றின் ஓரம் கரை, சட்டையில் உலர்ந்த பால் கறை.

சில பிழைகளைச் சிறு விதியால் தடுக்கலாம். பன்மையைக் காட்டும் 'கள்' எப்போதும் ளகரமே. மரங்கள், வீடுகள் என வரும். 'அக்காள் வந்தாள்' என்பது நடந்த செய்தி. 'அக்காள் வந்தால்' என்பது முடியாத வாக்கியம். ஓரெழுத்து மாறினால் பொருளே மாறும் என்பதை இவ்வாறு உணர்ந்த மாணவர், ஆசிரியரின் சிவப்பு மைக்கு அஞ்சி எழுதாமல், தம் கருத்துத் திரியாதிருக்க வேண்டும் என்று கருதி எழுதுவர்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் கற்கின்றனர். மலாய்மொழியில் தனித்தனி எழுத்துப் பெறும் இரு ஒலிகளுக்குத் தமிழில் பகரம் ஒன்றே வருவது அவர்களுக்குக் குழப்பம் தரலாம். 'பல்' எனச் சொல்லின் முதலிலும், 'அப்பா' என இரட்டித்த இடத்திலும் பகரம் வலிந்து ஒலிக்கும். 'தம்பி' என மெல்லினத்தின் பின் மெலிந்து ஒலிக்கும். இடமே ஒலியைத் தீர்மானிக்கின்றது என்று ஒருமுறை தெளிவாகக் கூறிவிட்டால் ஐயம் நீங்கும்.

சொல்வதெழுதுதலையும் தண்டனையாக்காமல் பயிற்சியாக்குக. ஆசிரியர் சொன்ன சொல்லை மாணவர் முதலில் தாமே ஒலிக்கட்டும், பின் ஒலிகளைக் கொட்டையிட்டு எண்ணட்டும், அதன்பின் எழுதட்டும், இறுதியில் சொல்லட்டையைப் பார்த்துத் தாமே திருத்தட்டும். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும்.

மாணவர் தொகை குறைந்துவிட்டதே என்று தோட்டப்பள்ளிகளைக் குறித்து வருந்துவோர் உளர். ஆனால், பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் ஒலிப்பையும் ஆசிரியர் நாள்தோறும் தனித்தனியே கேட்கலாம். நாற்பது பேர் நிறைந்த வகுப்பில் இது அரிது. அந்த நல்வாய்ப்பை நாம் வீணாக்கலாகாது.

பெற்றோர்களே! இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளை வாசிக்கும்போது பிழை நேர்ந்தால் அதட்டாதீர்கள். சரியான ஒலியை நிறுத்தி நிதானமாக நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் குறையில்லை. பழத்தை 'பழம்' என்றே வீட்டில் ஒலித்து வந்தால், பாதிப் பாடத்தை நீங்களே நடத்தியவர்கள் ஆவீர்கள்.

செவி தெளிந்தால் நாத் திருந்தும். நாத் திருந்தினால் எழுத்தும் திருந்தும். இவ்வரிசையை மாற்றாமல் பயிற்றுவோமாயின், நம் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவர் அனைவரும் இரண்டாம் ஆண்டுக்குள் வாசிப்போராகவே நுழைவர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!