காய்ச்சல் விட்டதும் கவனம்

மைசூரில் விஜயநகர். அங்கே ஒரு சிறிய வாடகை வீடு. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராது. வரும்போது டிரம்மில் பிடித்து வைப்பார்கள்.

அந்த வீட்டுச் சிறுமிக்கு எட்டு வயது. மழைக்காலத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தலை வலித்தது. கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கை கால் மூட்டெல்லாம் வலித்தது.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மாவுக்கு நிம்மதி.

ஆனால் சிறுமி மூன்று முறை வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்று அழுதாள். சுருண்டு படுத்துவிட்டாள்.

அப்போது ஆஷா அக்கா வந்தார்.

"காய்ச்சல் விட்டுவிட்டது அக்கா. வெறும் சோர்வுதான்" என்றாள் அம்மா.

"இல்லை அம்மா. இது டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். உடனே கிளம்பு!"

அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். இரத்தம் சோதித்தார்கள். டெங்குதான். ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள். சிறுமி பிழைத்தாள்.

வீடு திரும்பியதும் ஆஷா அக்கா டிரம்மைத் திறந்து காட்டினார். சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன.

"தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது?" என்றாள் அம்மா.

"சுத்தமான தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். அதன் பெயர் ஏடிஸ். காலில் வெள்ளைக் கோடு இருக்கும். பகலில் கடிக்கும்."

"தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதுமா?"

"போதாது. முட்டைகள் டிரம்மின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை கழுவு."

அன்றே அம்மா டிரம்மைத் தேய்த்தாள். துணி கட்டி மூடினாள். பூந்தொட்டித் தட்டில் இருந்த நீரைக் கொட்டினாள். பழைய டயரை அப்புறப்படுத்தினாள். அடுத்த வீட்டாரையும் அழைத்துக் காட்டினாள். கொசுவுக்குச் சுவர் தடையா?

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தது. கொசு வளர விட்டால் நகரத்து வீட்டுக்கு 400 ரூபாய் அபராதம் என்றும் சொன்னது. அபராதத்துக்குப் பயந்து மட்டுமா கழுவ வேண்டும்? பிள்ளையின் உயிருக்காகக் கழுவுவோம்.

நினைவில் வைப்போம்

1. காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் போவோம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரை வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.
2. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுப்போம்.
3. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம், சிறுநீர் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.
4. வாரம் ஒரு நாள் எல்லாத் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவுவோம்.

விடை சொல்லுங்கள்

1. டெங்குக் கொசு எங்கே முட்டையிடும்?
2. காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் கவனம் தேவை?
3. உங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை? எழுதுங்கள்.